அடங்காத காந்தம்

இன்று ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கும் எந்த எம்.ஆர்.ஐ இயந்திரமும் இதன் வாரிசு இல்லை. இதைப் பார்த்து இன்னொன்று செய்தவர் கிடையாது. செய்தவரே சில வருடங்களில் இதன் வேலை முறையைக் கைவிட்டுவிட்டார். சந்தைக் கணக்கில் பார்த்தால் விலைபோகாத சரக்கு. ஆனாலும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இதற்கு இடம் கிடைத்தது. பெயர் 'இன்டாமிட்டபிள்'. யாருக்கும் அடங்காதது என்று பொருள். 1977 ஜூலை 3 விடியற்காலை, உயிருள்ள ஒரு மனிதனின் நெஞ்சைக் கத்தி வைக்காமல், எக்ஸ்-ரே பாய்ச்சாமல், காந்தத்தையும் ரேடியோ அலையையும் மட்டும் வைத்துப் படம் எடுத்தது. அதன் முழு வாழ்க்கையும் அந்த ஒரு ராத்திரிக்காகத்தான்.

செய்தவர் ரேமண்ட் வாகன் டமேடியன். 1936 மார்ச்சில் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா இன்றைய துருக்கி மண்ணிலிருந்து வந்து குடியேறிய ஆர்மீனியர். பத்திரிகைப் படங்களுக்கு பிளாக் எடுப்பது தொழில். பையன் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் எட்டு வருடம் வயலின் கற்றான், டென்னிஸ் ஆடினான். பதினைந்து வயதில் ஃபோர்டு அறக்கட்டளை உதவித்தொகை கிடைத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1956இல் கணிதத்தில் பட்டம் பெற்றான். அதன்பின் வயலினை வைத்துவிட்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி, 1960இல் டாக்டர். பத்து வயதில், கூடவே வாழ்ந்த பாட்டி மார்பகப் புற்றுநோயால் வலியில் துடித்துச் சாவதை அவர் பார்த்திருந்தார். பிற்காலத்தில் எந்தப் பேட்டியிலும் அந்தப் பாட்டியைச் சொல்லாமல் விட்டதில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை. 1957இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பில்லி கிரகாம் நடத்திய நற்செய்திக் கூட்டத்துக்கு, பின்னால் மனைவியாகப்போகிற டோனா அவரை அழைத்துப் போனார். முந்தின வருடம்தான் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் பேசிவிட்டுப் போயிருந்த அதே பில்லி கிரகாம். பிரசங்கம் முடிந்து அழைப்பு வந்தபோது எழுந்து முன்னால் போனவர்களில் டமேடியனும் ஒருவர். வேதாகமத்தின் ஆதியாகமம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதும், பரிணாமக் கொள்கை தவறு என்பதும் கடைசிவரை அவருடைய நம்பிக்கை. கடவுளின் சித்தத்துக்கு ஊழியம் செய்வதைவிடப் பெரிய நோக்கம் மனிதனுக்கு இல்லை என்று மேடைகளில் பேசினார். இந்த நம்பிக்கைக்கும் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் நடக்காது என்று சொல்லும்போது அசையாமல் நிற்கும் பழக்கம் ஒன்று உண்டு. அது அவருக்குக் கோயிலிலும் இருந்தது, ஆய்வுக்கூடத்திலும் இருந்தது. பிற்பாடு அதுவே அவரைக் கொஞ்சம் கெடுக்கவும் செய்தது.

இயந்திரத்தின் கதை சவக்கடலில் தொடங்குகிறது. புரூக்ளினில் இருக்கும் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் 1967இல் சேர்ந்த டமேடியனுக்கு அப்போது படம் எடுக்கும் எண்ணமே இல்லை. செல்லுக்குள் பொட்டாசியம் எப்படித் தங்குகிறது, சோடியம் எப்படி வெளியேறுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. ஃப்ரீமன் கோப் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, அணுக்கருக் காந்த அதிர்வு என்ற வேதியியல் கருவியால் பொட்டாசியத்தை அளக்க முடியுமா என்று பார்த்தார். சாதாரண செல்லில் சமிக்ஞை மிகவும் பலவீனம். அதனால் உடம்பு முழுக்க உப்பைச் சுமக்கும் சவக்கடல் பாக்டீரியாவைப் பிடித்தார்கள். பிட்ஸ்பர்க் அருகே நியூ கென்சிங்டன் என்ற சிற்றூரில் என்.எம்.ஆர். ஸ்பெஷாலிட்டீஸ் என்ற சின்ன கம்பெனி இருந்தது. அங்கே போய் அளந்தார்கள், கிடைத்தது. அந்தக் கருவி செல்லுக்குள் நடப்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்லுமானால் புற்றுநோயையும் சொல்லாதா என்று டமேடியனுக்குத் தோன்றியது.

1970 ஜூனில் கட்டி வளர்ந்த எலிகளோடு மறுபடி அதே ஊருக்குப் போனார். எலியைக் கொன்று, கட்டியை அறுத்து எடுத்து, சோதனைக்குழாயில் போட்டு, காந்தத்துக்குள் இறக்க வேண்டும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் வரிசையாக நிற்கும். சரியான அலைவரிசையில் ரேடியோ அலையைத் தட்டினால் நிலை குலையும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பப் பிடிக்கும் நேரம் எல்லாத் திசுக்களிலும் ஒன்றாக இல்லை. ஈரலுக்கு ஒன்று, தசைக்கு வேறு. கட்டியில் எடுத்த அளவு நல்ல திசுவைவிடத் தெளிவாக நீளமாக இருந்தது. 1971 மார்ச் 19 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. சுமார் ஒரு வருடம் கழித்து, 1972 மார்ச் 17 அன்று, ஆளையே உள்ளே வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கருவி என்று காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1974 பிப்ரவரி 5 அன்று அது கிடைத்தது, எண் 3,789,832.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரும்பும் கம்பியுமாகப் பிறந்த இயந்திரம் ஒரு ராத்திரி வேலை செய்தது. அதைச் சுற்றிப் பிறந்த காகிதங்கள் முப்பது வருடம் வேலை செய்தன.

அவற்றில் முக்கியமான ஒன்று டமேடியன் எழுதியதே இல்லை. அதே நியூ கென்சிங்டன் கம்பெனி 1971 கோடையில் பணமுடையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்த வந்தவர் பால் லாட்டர்பர், வேதியியலாளர். டமேடியன் வேலை பார்த்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகமான ஸ்டோனி புரூக்கில் பேராசிரியர். ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து லியோன் சார்யான் என்ற இளம் ஆராய்ச்சியாளர் எலிகளோடு அங்கே வந்தார். டமேடியனின் சோதனையைத் திரும்பச் செய்து சரிபார்க்க. (சார்யானும் ஆர்மீனிய வம்சாவளி. ஆர்மீனியர் சொன்னதை ஆர்மீனியரே சோதித்தார்.) எலிகளை அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த லாட்டர்பருக்கு அது பிடிக்கவில்லை. அறுக்காமல் வெளியிலிருந்தே, எந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் என்ன? அன்று சாயங்காலம், 1971 செப்டம்பர் 2, 'பிக் பாய்' சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது வழி புலப்பட்டது. காந்தப்புலம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை எல்லோரும் பாடுபட்டார்கள். வேண்டுமென்றே ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்தால், அலைவரிசையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவைத்தார்.

அவருடைய கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. வாதாடிய பிறகு 1973 மார்ச்சில் வெளியிட்டது. அதில் இருந்தது தண்ணீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்களின் படம், அவ்வளவே. அடுத்து எடுத்த படங்களில் ஒன்று, அவருடைய சின்ன மகள் லாங் ஐலண்ட் கடற்கரையில் பொறுக்கிவந்த குட்டி மட்டியுடையது. காப்புரிமை எடுக்கப் பணம் போடப் பல்கலைக்கழகம் மறுத்தது. இவ்வளவுக்கும் காரணமாக இருந்தது டமேடியனின் எலிச் சோதனை. ஆனால் 1973 கட்டுரையின் அடிக்குறிப்புகளில் டமேடியனின் பெயர் இல்லை. விஞ்ஞானக் கட்டுரையில் ஒரு பெயர் விட்டுப்போவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியம் தராது.

டமேடியன் கொதித்தார். வாதத்தைக் காகிதத்தில் முடிக்க முடியாது, ஆளை உள்ளே வைத்துக் காட்டினால்தான் முடியும் என்று முடிவெடுத்தார். இன்டாமிட்டபிள் ஒரு வைத்தியக் கருவியாகப் பிறந்தது என்பதைவிட, ஒரு வழக்கின் சாட்சிப் பொருளாகப் பிறந்தது என்று சொன்னால் பொருத்தம். நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் குழு மனித விரலைப் படம் எடுக்கும் நிலைக்கு வந்திருந்தது. அவசரத்துக்கு அதுவும் காரணம்.

கையில் இருந்தவர்கள் மைக்கேல் கோல்ட்ஸ்மித், லாரன்ஸ் மின்காஃப் என்ற இரண்டு இளைஞர்கள். பணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காந்தத்துக்குள் ஆளை வைத்தால் இதயம் நின்றுவிடும் என்று எச்சரித்தவர்களும் உண்டு, இந்தத் திட்டம் பைத்தியக்காரத்தனம் என்று சக விஞ்ஞானிகள் காதுபடவே பேசினார்கள். ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய காந்தத்தை விலைக்கு வாங்க வழியில்லை, தாங்களே சுற்றிவிடுவது என்று இறங்கினார்கள். நையோபியம்-டைட்டானியம் கம்பி, கிட்டத்தட்ட 30 மைல் நீளம். அந்தத் தொழிலை விட்டு விலகிக்கொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து சல்லிசாகக் கிடைத்தது. அந்தக் கம்பியை மைனஸ் 269 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் மின்தடை இல்லாமல் மின்சாரத்தைச் சுமக்கும். அந்தக் குளிர் திரவ ஹீலியத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஹீலியத்தைப் பிடித்துவைக்க இரட்டைச் சுவரும் நடுவே வெற்றிடமும் கொண்ட கலன் வேண்டும். அதையும் இவர்களே செய்தார்கள். பற்றவைத்த இடங்களில் எங்கேயோ ஒரு மயிரிழை ஓட்டை. அதைத் தேடுவது, அடைப்பது, மறுபடி கசிவது, மறுபடி தேடுவது என்று வாரங்கள் போயின. காற்றோடு கலந்து போன ஒவ்வொரு லிட்டர் ஹீலியமும் இல்லாத பணத்தில் வாங்கியது.

கடைசியில் கிடைத்த காந்தப்புலம் சுமார் 0.05 டெஸ்லா. இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் சாதாரணமாக இருப்பது 1.5 டெஸ்லா, முப்பது மடங்கு. ஆளின் நெஞ்சைச் சுற்றி வைக்கும் ரேடியோ சுருளை கோல்ட்ஸ்மித் அட்டையிலும் செம்புத் தகட்டு நாடாவிலும் செய்தார். அட்டை என்றால் நிஜமாகவே காகித அட்டை. பழைய புகைப்படங்களில் மருத்துவ வரலாற்றின் அந்த உடுப்பு, பள்ளி நாடகத்துக்குச் செய்த ராஜா கவசம் போலத்தான் தெரிகிறது.

1977 மே மாதம் முதல் சோதனை. வேறு யாரையும் உள்ளே அனுப்ப டமேடியனுக்கு மனம் வரவில்லை, தானே அட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். பக்கத்தில் இதய மருத்துவர் தயாராக நின்றார். காந்தம் ஓடியது, மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். இதயம் நிற்கவில்லை, சமிக்ஞையும் வரவில்லை. அவர் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். அந்தச் சுருளுக்கு அவ்வளவு சதை தாங்காது என்பதுதான் கடைசியில் கண்ட காரணம். இளைஞர்களில் மின்காஃப் ஒல்லி. ஆனால் அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. குருநாதருக்கு ஏதாவது ஆகிறதா என்று சில வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, சரி, நான் உட்காருகிறேன் என்றார். வரலாற்றில் இடம்பிடித்த தைரியங்களில் இவ்வளவு விவேகமான தைரியம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 2 ராத்திரி. மின்காஃப் வளையத்தின் நடுவே ஒரு பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைய இயந்திரத்தில் ஆள் அசையக்கூடாது, காந்தப்புலத்தின் சரிவுகள்தான் மாறிக்கொண்டே இருக்கும். படுத்திருப்பவர் காதில் விழும் அந்த டடடட சத்தம் அந்தச் சரிவுச் சுருள்களில் மின்சாரம் ஏறி இறங்குவதால் வருவது. அதாவது லாட்டர்பர் சாப்பாட்டுக் கடையில் கண்ட வழியின் சத்தம். இன்டாமிட்டபிளில் அந்தச் சுருள்கள் இல்லை, சத்தமும் இருந்திருக்க வழியில்லை. டமேடியனின் முறை வேறு. காந்தப்புலத்தை ஒரே ஒரு சின்னப் புள்ளியில் மட்டும் சரியாகப் பொருந்தும்படி வடிவமைத்துவிட வேண்டும். அந்தப் புள்ளியில் இருக்கும் சதை மட்டும் ரேடியோவுக்குப் பதில் சொல்லும். அளவைக் குறித்துக்கொண்டு, ஆளைக் கொஞ்சம் நகர்த்தி, அடுத்த இடத்தைப் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி அளவு, மறுபடி நகர்வு. இப்படி 106 இடங்கள். மொத்தம் நான்கே முக்கால் மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு இடத்துக்கு இரண்டரை நிமிடத்துக்கும் மேல். அவ்வளவு நேரமும் அட்டைக் கவசத்துக்குள், குளிர்ந்த வளையத்தின் நடுவில், ஒரு இளைஞர் பலகையோடு சேர்ந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார்.

விடியற்காலை 4.45க்கு முடிந்தது. டமேடியன் தன் ஆய்வு நோட்டுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில், அபார வெற்றி என்ற தொனியில், இதயம், நுரையீரல், முதுகெலும்பு, தசை எல்லாம் தெரிவதாக எழுதிவைத்தார். அந்தப் பக்கம் பிற்பாடு பலமுறை பிரசுரமானது. அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேரால் பார்க்கப்பட்ட பக்கம் அதுவாகத்தான் இருக்கும். எழுத்தில் அவசரமும் களிப்பும் கலந்திருக்கிறது. படத்தைப் பார்த்தால் அவ்வளவு களிப்புக்கு என்ன இருக்கிறது என்று இன்றைய கண்ணுக்குத் தோன்றும். 106 எண்களைக் கட்டத்தில் வைத்து, கலர் பென்சிலால் கையால் நிறம் தீட்டித்தான் முதல் வடிவம் உருவானது. கம்ப்யூட்டர் நிரப்பிய வடிவம் பிறகு வந்தது. ஒரு முட்டை வடிவம், உள்ளே இருண்ட இரண்டு குழிகள் நுரையீரல், நடுவே ஒரு திட்டு இதயம். சொன்னால்தான் தெரியும். ஆனால் சொன்ன பிறகு தெரிகிறது, அதுதான் விஷயம். அதற்கு முன்னால் அறுக்காமல், கதிர் பாய்ச்சாமல் அந்த இடத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அதே மாதம் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். இங்கேதான் டமேடியன் தன் காலைத் தானே வாரிக்கொண்டார் என்பது என் எண்ணம். எடுத்தது ஒரு நல்ல உடம்பின் நெஞ்சுப் படம். அறிவித்ததோ உடம்பில் எங்கே புற்றுநோய் இருந்தாலும் கண்டுபிடிக்கும் புதிய வழி. நிருபர்கள் ஆதாரம் கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. கட்டியில் அணுக்கரு திரும்பும் நேரம் நீளம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் நீர்க்கோர்ப்பு, வீக்கம் போன்ற புற்றுநோய் அல்லாதவற்றிலும் அது நீளும். எண்ணை மட்டும் பார்த்து இது புற்றுநோய் என்று தீர்ப்பு எழுத முடியாது என்று பிறர் காட்டிவிட்டார்கள். அவருடைய எதிராளிகள் இதைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னது எல்லாமே தவறு என்பதுபோல் பேசினார்கள். அதுவும் நியாயமில்லை. இன்று ரேடியாலஜிஸ்ட் ஒரு படத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பிரித்துப் பார்ப்பதெல்லாம் அந்தத் திரும்பும் நேரங்களின் வித்தியாசம்தான். டி1, டி2 என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அது அந்த எலிகள் கொடுத்த பதில். எதைப் பார்க்கலாம் என்று சொன்னவர் டமேடியன், எப்படிப் பார்க்கலாம் என்று சொன்னவர் லாட்டர்பர். இரண்டும் சேராமல் படம் இல்லை.

இயந்திரத்தின் உழைப்புக் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. 1978இல் டமேடியன் லாங் ஐலண்டில் ஃபோனார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் உலகின் முதல் விற்பனை எம்.ஆர்.ஐ இயந்திரம் அங்கிருந்து வந்தது. ஆனால் ஆளைப் புள்ளிக்குப் புள்ளி நகர்த்தும் முறையில் ஆஸ்பத்திரி நடத்த முடியாது. கொஞ்ச காலத்தில் அவருடைய கம்பெனியும் எல்லோரையும் போல் சரிவுப் புலத்துக்கு மாறியது. எதிராளியின் வழிதான் வேகமான வழி என்பதை அவர் வாயால் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, கணக்குப் புத்தகம் ஒத்துக்கொண்டது.

இதன் பிறகு காகிதங்களின் காலம். பெரிய கம்பெனிகள் எம்.ஆர்.ஐ சந்தையில் குதித்தபோது டமேடியன் அந்தப் பழைய எண்ணைக் கையில் எடுத்தார். ஜான்சன் அண்ட் ஜான்சனோடு ஒரு வழக்கு. நடுவர் குழு அவர் பக்கம் சொன்னதை நீதிபதி மாற்றிவிட்டார். சளைக்காமல் ஜெனரல் எலக்ட்ரிக்கோடு அடுத்தது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொகை 12 கோடியே 87 லட்சம் டாலர். 1972இல் எழுதிய புற்றுநோய்க் காப்புரிமையும், உடம்பின் குறுக்குவெட்டுப் படங்களைப் பல கோணங்களில் ஒரே தடவையில் எடுக்கும் பிந்தைய காப்புரிமை ஒன்றும் சேர்ந்து வாங்கித் தந்த பணம் அது. ஸ்டோனி புரூக் வளாகம் லாட்டர்பருக்குக் காப்புரிமை எடுக்க மறுத்த சில ஆயிரங்களை நினைத்துப் பார்த்தால், ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு வாசல்களில் இரண்டு விதமான அதிர்ஷ்டம்.

பட்டங்களும் வந்தன. 1988இல் அதிபர் ரீகன் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை டமேடியன், லாட்டர்பர் இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார். அடுத்த வருடம் டமேடியன் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கத்தில் சேர்க்கப்பட்டார். இன்டாமிட்டபிள் ஸ்மித்சோனியனுக்குப் போனது இந்தப் பட்டங்களின் காலத்தில்தான். அங்கிருந்து கடனாக ஒஹையோ மாநிலத்தின் அக்ரனுக்கும் போய்க் காட்சிக்கு நின்றது. டயர் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரில்தான் கண்டுபிடிப்பாளர் அரங்கம் அப்போது இருந்தது. அந்தக் காட்சிக்கூடம் பிறகு மூடப்பட்டு, அரங்கமே வர்ஜீனியாவில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலக வளாகத்துக்கு இடம் மாறியது.

2003 அக்டோபர் 6. மருத்துவ நோபல், காந்த அதிர்வுப் படப்பிடிப்பு சம்பந்தமான கண்டுபிடிப்புகளுக்காக, லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும். மூன்று பேர் வரை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது. டமேடியனுக்கு அப்போது 67 வயது. சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. திருத்தியே ஆகவேண்டிய வெட்கக்கேடு என்ற தலைப்பு, தலைகீழாகக் கவிழ்த்த நோபல் பதக்கப் படம். ஸ்வீடனின் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் கொடுத்தார்கள். நோபல் குழு தன் முடிவை மாற்றியதில்லை, அதற்கு மேல்முறையீடும் கிடையாது. இது டமேடியனுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஹீலியம் கசிந்தபோதும் நிறுத்தியவர் இல்லையே அவர்.

அவருடைய மத நம்பிக்கைதான் பரிசைக் கெடுத்தது என்ற பேச்சு உடனே கிளம்பியது. அறிவியல் தத்துவவாதி மைக்கேல் ரூஸ், பரிணாமக் கொள்கைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர்; அவரே, படைப்புவாதி என்பதற்காக ஒருவருக்குப் பரிசு மறுக்கப்பட்டிருந்தால் அது தவறு என்ற கவலையை எழுதினார். கவலைக்கு ஆதாரம் கிடையாது. நான் நினைப்பது எளிமையானது. பரிசு கொடுத்தது படம் எடுக்கும் முறைக்கு. இன்றைய படமெடுக்கும் முறையில் இன்டாமிட்டபிளின் ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. டமேடியன் தன் பங்கு எலிச் சோதனைதான் என்று சொல்லி நின்றிருந்தால் மறுப்பது கஷ்டமாக இருந்திருக்கும். அவரோ அந்த இயந்திரத்தையும் அந்த ராத்திரியையும்தான் முன்னால் வைத்தார். அழகான சாட்சி, ஆனால் வேறு வழக்குக்கான சாட்சி. இவ்வளவு சொன்ன பிறகும் அந்த மூன்றாவது நாற்காலியில் அவரை உட்காரவைத்திருக்கலாம் என்றுதான் படுகிறது. கட்டுரையில் விட்டுப்போன பெயரைச் சேர்க்க அது கடைசி வாய்ப்பு.

இன்டாமிட்டபிளிடமிருந்து ஒரே ஒரு வழக்கம் மட்டும் பிழைத்தது. மின்காஃப் படுக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். ஃபோனார் நிறுவனம் பிற்காலத்தில் பெயர் வாங்கியது ஆள் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ படமெடுக்கும் இயந்திரத்துக்குத்தான். படுத்தால் வராத முதுகுவலி நிமிர்ந்தால் வரும், அந்த நிலையிலேயே தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அதன் நியாயம். சந்தை சின்னது, ஆனால் உண்டு.

லாட்டர்பர் 2007இல் காலமானார், மான்ஸ்ஃபீல்ட் 2017இல். டமேடியன் 2015இல் தன் வாழ்க்கைக் கதையைக் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றில் வெளியிட்டார். பாட்டி, வயலின், மேடிசன் ஸ்கொயர் கார்டன், அட்டைச் சட்டை, நோபல், எல்லாம் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 3 அன்று, 86 வயதில் இறந்தார். இந்தக் கதையின் காகிதங்களில் இன்னும் பார்க்கக் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. நோபல் பரிந்துரைகளும் அவற்றின் மீதான விவாதங்களும் ஐம்பது வருடம் பூட்டி வைக்கப்படும் என்பது விதி. 2003ஆம் வருடக் கோப்பு 2054இல்தான் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வரும். டமேடியனின் பெயரை யார் யார் பரிந்துரைத்தார்கள், எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியும். அதுவரை இரண்டு தரப்பு ஆட்களும் சண்டையை நிறுத்தப்போவதில்லை.